அந்த நாற்பத்துமூன்றை உடனே அழி

என் தங்கை மகளுக்கு, தாய்மாமன் எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்பது முறை என்பதால் கேட்டுவைக்கிறேன். அதற்குப் பதில் அவசரமில்லை. அவசரம் வேறு இருக்கிறது. ஃபோனில் பேசினால் "மாமா, கத்தாதீங்க" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசிவரை படித்தே தீரவேண்டும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம், "பழகிப் பார்க்க ஒரு வெப்சைட் செய்யணும், என்ன செய்யலாம் மாமா" என்று கேட்டாய். என்னைக் கேட்டதில் தப்பே இல்லை; நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன், எட்டாம் வகுப்புப் புத்தகத்தையும் புரட்டியவன். அந்தச் சமயம் எங்கள் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பழைய ஃபோர்மேன் ஓய்வு பெற்று, நாற்காலி காலியாக இருந்தது. பெயிண்ட் பகுதியில் இருபத்திரண்டு வருஷம் நின்றவன் நான். அந்த நாற்காலி என் இடுப்பை அளந்து செய்தது. முதலாளிதான், "ஆளுங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டுட்டு திங்கட்கிழமை சொல்றேன்" என்றார். நேரில் கேட்டால் கூச்சப்பட்டுக்கொண்டு யாரும் என்னைப் புகழ மாட்டார்களே என்று, "என் மருமக பேங்குக்கெல்லாம் வெப்சைட் செஞ்சு கொடுக்கிறவ, பேர் போடாம மனசுல இருக்கிறதை எழுதுற மாதிரி நமக்கும் ஒண்ணு செய்வா" என்று அவரிடம் உன்னைத் தூக்கி வைத்துப் பேசினேன். நீயும் செய்தாய். ஒரு பெட்டி, ஒரு பொத்தான். எழுதி அழுத்தினால் புதுசு மேலே, பழசு கீழே. அந்த முகவரியை நானே பெரிய எழுத்தில் எழுதி, தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டினேன். என் தலையில் நானே டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டது அப்போதுதான்.

முதல் நாளே ஒருத்தன், "பெயிண்ட் அண்ணன் கதவு அடிக்க அரை மணி, அடிச்ச கதையைச் சொல்ல ரெண்டு மணி" என்று எழுதினான். இன்னொருத்தன், "பேசும்போது அவர் கையிலேர்ந்து ஸ்ப்ரே கன்னை வாங்கி வைங்க, போன வாரம் என் செருப்பு பச்சையாயிடுச்சு" என்கிறான். அது வெல்டர் என்று எனக்குத் தெரியும், பச்சைச் செருப்பு போட்டிருப்பவன் அவன் ஒருத்தன்தான். கேட்டால், "பேர் போட்டிருக்கா அண்ணே" என்கிறான். "ஃபோர்மேன் ஆக்குங்க, மைக் மட்டும் கொடுத்துடாதீங்க" என்று மூன்றாவது ஒன்று. உப்புப் போட்டுச் சோறு தின்கிறவன் எவனாவது இப்படி எழுதுவானா?

நான் சும்மா இருக்கிறவனா? புதுசு மேலே வரும், பழசு கீழே போகும் என்பது ஞாபகம் வந்தது. நல்லதாக எழுதி எழுதி அவர்கள் எழுதியதைப் பாதாளத்துக்குத் தள்ளிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பேர் போடாத வசதி எல்லோருக்கும் பொதுதானே? மற்றவர்கள் எழுத மறந்ததை நான் எழுதினேன், அவ்வளவுதான். "ஒரு மழை நாளில், பட்டறையில் ஈ காக்கா இல்லாத வேளையில், தன்னந்தனியாக ஒரு முழு பஸ்ஸையும் ஒரே மூச்சில் அடித்து முடித்த மாமனிதர் இவர். என் கண்ணால் பார்த்தேன்" என்று எழுதினேன். அஞ்சு நிமிஷம் ஆகவில்லை, மேலே ஒன்று வந்து உட்கார்ந்தது: "யாருமே இல்லன்னா, பார்த்த நீங்க யாரு?" அதற்கும் மேலே, "பஸ் பார்த்திருக்கும், விடுப்பா." சீட் தைக்கிற அம்மா வாயில் ஊசியோடு சிரித்ததைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. நான் ஒன்று எழுதினால் மேலே மூன்று ஏறுகிறது. இப்படி என்னுடையது பதினாறு, அவர்களுடையது நாற்பத்துமூன்று. பட்டறையில் இருப்பதே பத்தொன்பது பேர். வேலை எப்போது பார்க்கிறார்களோ. ஒட்டின தாளைக் கிழித்தேன். மறுநாள் அதே இடத்தில் சுவரில் முகவரி, அதுவும் என் தூரிகையால், நான் கலந்து வைத்த நீலத்தில்.

சரி, அந்த வெப்சைட்டைப் பெற்றவளையே கேட்போம் என்று உன்னைக் கூப்பிட்டு "அழி" என்றால், "அழிக்கிற பொத்தான் இன்னும் போடல மாமா, அது அடுத்த பாடம்" என்கிறாய். வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு எடுக்கச் சொல்லிக் கொடுக்காத அந்த வாத்தியார் யார், அவர் வீட்டு விலாசத்தை அனுப்பு. "யார் எழுதினதுன்னாவது சொல்லித் தொலை" என்றால், "நான் எதையும் சேமிச்சு வைக்கல, பேர் தெரியக்கூடாதுன்னு நீங்கதானே கேட்டீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாய். மத்தவங்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான் சொன்னேன், எனக்குமா தெரியக்கூடாது? இந்தச் சின்ன விஷயம் புரியாதவளுக்குக் கம்ப்யூட்டர் என்ன புரியும்?

இன்று வெள்ளிக்கிழமை. இதை ராத்திரி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், காலையில் உன் கையில் இருக்கும். திங்கட்கிழமை முதலாளி அதைத் திறப்பார். இருபத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்த கால், இனியாவது உட்காருமா இல்லையா என்பது உன் கையில் இருக்கிறது. அடுத்த பாடத்தை நாளைக்கே நடத்தச் சொல். நாற்பத்துமூன்றும் போகவேண்டும், பதினாறும் இருக்கவேண்டும். மாறிப்போனால் தாய்மாமன் உறவு அன்றோடு சரி.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே. சொன்னாலும் எண்ணிக்கையைச் சொல்லாதே, "யாரோ ரெண்டு பேர்" என்று சொல். உன் படிப்பு ஓங்கட்டும், கை வேகம் கூடட்டும், முக்கியமாக ஞாயிற்றுக்கிழமைக்குள் கூடட்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத உன் தாய்மாமன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார். திங்கட்கிழமை வரை பொறுக்காமல் மனுஷன் எல்லாவற்றையும் படித்துவிட்டார். "நாற்பத்துமூணும் உங்க வாயைப் பத்தித்தான். பேர் போடாமத் திட்டலாம்னு விட்டும், பெயிண்ட் உரியுதுன்னு ஒருத்தன்கூட எழுதல. நாளையிலேர்ந்து நீங்கதான் ஃபோர்மேன். அந்தப் பதினாறைப் படிச்சப்பதான் கொடுக்கலாமான்னு கொஞ்சம் யோசிச்சேன்" என்றார். ஆகவே நாற்பத்துமூன்றில் ஒரு புள்ளிகூடக் குறையக்கூடாது, அவை என் நற்சான்றிதழ்கள். அடுத்த பாடம் வந்ததும் அந்தப் பதினாறை மட்டும் அழித்துவிடு. எவனோ வேலையத்தவன் எழுதியிருக்கிறான்.