வெற்றிலையில் வந்த வர்த்தமானி

ஐப்பசியில் முதல் மழைக்கு முன்னா, பின்னா என்று சரியாக ஞாபகமில்லை. நான் சொல்வதை வைத்து யாரும் சத்தியம் பண்ண வேண்டாம். ஆனால் வவுணதீவில் மைக்காரர் தவராசாவின் வாசலில் நின்ற கூட்டம் உண்மை.

கஞ்சா இனத்துச் சணல் பயிரிட அரசாங்கம் அனுமதி கொடுக்க யோசிக்கிறதாம் என்று வானொலி சொன்னது. தவராசாவோ வெற்றிலையில் மை தடவி, அதில் சட்டம் அச்சாகும் அரசாங்க வர்த்தமானியையே வாசித்தார். மூன்று மொழியிலும் தெரிந்ததாம். அவருக்கு மட்டும்.

"தை பிறக்கச் சட்டம் வரும். நான் மந்திரிச்ச சணல் கண்டு நிக்கிற வயலுக்குத்தான் அனுமதி!"

ஒரு தட்டுக் கன்றுக்கு ஒரு மூடை விதைநெல். அதுவரை பொலிசின் கண்ணை மந்திரம் கட்டிவைக்குமாம்.

மேர்லினின் புருஷன் ஜசிந்தன் வீட்டிலிருந்த மூன்று மூடைகளையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அவை போனால் இந்தப் போகம் அவர்களுடைய வயல்வட்டையில் புல்தான். மேர்லினும் பின்னாலேயே வந்தாள். தட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பினாள்.

"இது சணல் இலைதான் எண்டு ஆருக்குத் தெரியும்?"

தெரியும் என்றால் கஞ்சாப் பழக்கம் என்பார்கள். நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேர்லின் மடியிலிருந்து பத்து இலைகளை எடுத்துப் பரப்பினாள்.

"மைக்காரர், இதில ஒண்டு உங்கட தட்டில கிள்ளினது. எது மந்திரிச்சது? மையில பாத்துச் சொல்லுங்க."

தவராசா வெற்றிலையை நெடுநேரம் பார்த்தார். கண்ணை மூடினார். ஓர் இலையைத் தூக்கினார். "இதுதான். கை சுடுகுது!"

"பத்தும் எங்கட கிணத்தடிப் புளிச்சக்கீரை. இஞ்சாருங்க, நேத்து ரெண்டு தரம் வாங்கித் தின்னீங்களே, இவர்ர தட்டில ஒண்டு கிள்ளிச் சப்பிப் பாருங்க."

ஜசிந்தன் மென்றான். முகம் கோணியது. "புளிக்குது கா மேர்லின்!"

பிறகு கூட்டமே மென்றது. தட்டுகள் மொட்டையாயின.

மூடைகள் வீடு திரும்பின. ஜசிந்தன் நெல் விதைத்தான். தவராசா கிரான் ஊரில் இப்போது காணாமற்போன மாடுகளை மையில் தேடுகிறார். சட்டம் இன்னும் வரவில்லை. வந்தால் மேர்லின் விண்ணப்பப் படிவம் நிரப்புவாள், வெற்றிலை வாங்கமாட்டாள். மற்றவர்களோ இன்றைக்கும் தவராசாவின் மந்திரம் பொய்யில்லை, அன்றைக்குப் புளித்துத்தான் போனது என்று சொல்கிறார்கள். கீரை புளிப்பது நாக்குக்குத் தெரிந்துவிட்டது ஐயா, மூளைக்கு எப்போது தெரியும்?