அதிர்ஷ்டம் ஒழுகாத ஷூ

அதிர்ஷ்டம் கால் விரல் இடுக்கு வழியாகத்தான் ஒழுகிப் போகிறதாம்! இத்தனை காலம் நமக்குத் தெரியாமல் போச்சே!

கண்டுபிடித்த மகான் பாத ஜோசியர். வாடகை மண்டபத்தில், தரை வரை பட்டுத் துணி தொங்கும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். வந்தவர் பாதத்தைப் பார்ப்பார், கண்ணை மூடுவார், "ஓட்டை" என்பார். உடனே மந்திரித்த ஷூ ஒரு ஜோடி கைமாறும். யாராக இருந்தாலும் இரண்டு நம்பர் சின்னதுதான். வலித்தால் கிரகம் வெளியேறுகிறது என்று அர்த்தம். வலிக்கவில்லையா? இன்னும் ஒரு நம்பர் சின்னதாகத் தருவார். என்ன கருணை!

வரிசை தெருமுனை வரை நின்றது. ஏற்கெனவே வாங்கியவர்கள் ஊரெல்லாம் நொண்டினார்கள். வங்கி மேலாளர் நொண்டினார், கணக்கு வாத்தியார் நொண்டினார்.

"உங்களுக்கு வெளியேறுதா சார்?" என்று வாத்தியாரைக் கேட்டார் மேலாளர்.

"சனி போயிட்டான். ராகுதான் சுண்டுவிரல்ல உக்காந்துட்டு நகரவே மாட்டேங்கிறான்."

தபால்காரரும் நொண்டினார். எனக்குச் சிரிப்பு நின்றது அங்கேதான். ஊரெல்லாம் நடந்து சோறு தின்கிற கால் அது. கட்டைவிரல் நகம் கறுத்து, பாதித் தெருவுக்குக் கடிதமே போகவில்லை. சனிக்கிழமைக்குள் ஒழுங்காக நடக்காவிட்டால் வேலை இல்லை என்று அதிகாரி கெடு வைத்துவிட்டார்.

அவர் மனைவி தையல்காரி. நாள் முழுக்க மெஷின் மிதிப்பவள் என்பதால் அகலமான ஷூதான் போடுவாள். தெருவே அவளைப் 'படகு' என்று கேலி செய்யும்.

"ஏங்க, நகம் கறுத்துப்போச்சு. கழட்டித் தொலைங்க!"

"கழட்டினா ஒழுகிடும்டி. பதவி உயர்வு வர்ற நேரம்!"

"இருக்கிற வேலையே போகப் போகுது!"

அவள் மேலே வாதாடவில்லை. அவரை வெறுங்காலோடு ஒரு காகிதத்தின் மேல் நிற்க வைத்தாள். பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, கத்தரித்து எடுத்துக்கொண்டாள். மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு நொண்டிய புருஷனையும் இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். ஏற்கெனவே ஷூ வாங்கியவர்களும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே நொண்டி வந்தார்கள்.

"ஜோசியரே, இது என் வீட்டுக்காரர் பாதம். அவருக்குக் குடுத்த அதே நம்பர் ஷூவுக்குள்ள இதை வைங்க பாப்போம்."

ஜோசியர் வைத்தார். காகிதம் ஓரமெல்லாம் கசங்கி, முன்பக்கம் சுருண்டுகொண்டது.

"கிரகம் எதிர்க்குதும்மா."

"காகிதம் என்ன ராசிங்க?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

"அளவெடுக்காம நான் ஒரு சட்டைகூட வெட்ட மாட்டேன். காலை நிக்க வச்சு அளக்கணும். அதுவும் சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது. விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேணும். சரி, உங்க காலைக் காட்டுங்க, அதையும் வரைஞ்சிடலாம்."

"என் பாதத்தை மனுஷக் கண் பாக்கக் கூடாது!"

அவள் பட்டுத் துணியைச் சர்ரென்று இழுத்தாள்.

ஆஹா! உள்ளே ஜோசியர் காலில் அவளுடையதைவிட அகலமான ஷூ! பஞ்சு போல மெத்தென்று, விரல்கள் ஊஞ்சலாட இடம் விட்டு!

"உங்க அதிர்ஷ்டம் ஒழுகலையா சாமி?" என்றார் வங்கி மேலாளர்.

ஜோசியர் ஓடினார். ஷூ வாங்கிய கூட்டம் துரத்தியது. நாலே அடி. "ஐயோ, ராகு!" என்று கணக்கு வாத்தியார் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள். கடைசி வரை ஓடியது படகு மட்டும்தான். தெருமுனையில் ஜோசியரின் அங்கியைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினாள். தபால்காரர் நடுத்தெருவில் ஷூவைக் கழற்றி எறிந்து, ஐந்து விரலையும் விரித்து விரித்துப் பார்த்துச் சிரித்தார்.

சனிக்கிழமை, மனைவி அளந்து வாங்கித் தந்த ஷூவில் எல்லாத் தெருவும் நடந்து முடித்தார். வேலை தப்பியது.

இப்போது அதே மண்டபத்துக்குத் தொப்பி ஜோசியர் ஒருவர் வந்திருக்கிறார். இறுக்கமாகத் தொப்பி போட்டால் அறிவு ஒழுகாதாம். வரிசை மறுபடியும் தெருமுனையைத் தொட்டுவிட்டது. நிற்கிற பெரியோர்களே, ஒழுகுவதற்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று முதலில் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். யோசிக்க முடிந்தால், தொப்பி வேண்டியதில்லை.