ஏழாவது மாடியில் உருகுவே

மனித உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதாம். அது இத்தனை காலம் கேட்பாரற்றுக் கிடந்ததை எண்ணி மனம் வருந்திய எங்கள் மாவட்ட அலுவலகம், 'உறக்க நலப் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கி, எங்கள் பச்சைப் பைன் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு புது விளக்கு மாட்டியது. இருட்டியதும் அது தானாக மங்கி மஞ்சளாகும். விடிந்ததும் பளீரென்று வெள்ளையாகும். பல்பைக் கழற்றினால் அலுவலகத்தில் மணி அடிக்கும். சுவிட்சை அவர்களே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பொதுமக்கள் கையில் சுவிட்ச் இருந்தால் அறிவியல் என்ன ஆவது?

ஏழாவது மாடி மெங் சுன்-ஓக் ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். காலையில் வந்து படுத்தால் தலைக்கு மேல் வெள்ளை வெளிச்சம் கொட்டியது. கண்ணில் துண்டைக் கட்டிப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தார், பாவம். ஒரு நாள் வார்டில் தூக்கக் கலக்கத்தில் வேறு ஊசி மருந்தை எடுத்துவிட்டுக் கடைசி நொடியில் கவனித்தார். பயந்துபோய் நேராகப் பிரிவுத் தலைவர் பியோ கி-ஜுன் முன்னால் போய் நின்றார்.

"பகல்ல தூங்கறது உடம்புக்குக் கெடுதல்மா," என்றார் பியோ.

"ராத்திரி நான் தூங்கினா நோயாளிக்குக் கெடுதல், சார். என் வீட்டு விளக்கை மட்டும் தலைகீழா மாத்திக் குடுங்க."

"கொரியாவுல பகல்னா எல்லாருக்கும் பகல்தான். உங்களுக்குன்னு தனி சூரியன் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லையே."

"இப்ப எந்த நாட்டுல ராத்திரி?"

பியோ சுவரிலிருந்த உலகப் படத்தைப் பார்த்தார். "உருகுவே. நமக்கு நேர் எதிர்ப்பக்கம்."

"அப்ப என் வீட்டை உருகுவேல சேத்துடுங்க."

பியோவின் முகம் மலர்ந்தது. விதிவிலக்கு கேட்டால் மறுக்க விதி இருந்தது. வெளிநாடு கேட்டால் மறுக்க விதி இல்லை. மறுநாள் முதல் ஏழாவது மாடியில் உருகுவே நேரம். மெங் பகல் முழுக்க அடித்துப்போட்டாற்போல் தூங்கினார்.

ஆனால் அவர் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டு ஜன்னல் இரவெல்லாம் பளபளத்தது. கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் தாய்மார்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். தங்கள் பிள்ளைகள் மஞ்சள் மங்கலில் புத்தகத்தின் மேலேயே சாய்ந்துவிழ, ஆளில்லாத வீட்டுக்கு அத்தனை வெளிச்சமா என்று வயிறெரிந்தார்கள். கொஞ்ச நாளில் குடியிருப்பு முழுவதும் உருகுவேக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைகள் விடிய விடியப் படித்துவிட்டுப் பள்ளியில் தூங்கினார்கள். பெற்றவர்கள் விடிய விடியக் காவல் இருந்துவிட்டு அலுவலகத்தில் தூங்கினார்கள். தலைமையாசிரியர் முறையிட்டபோது, "அவங்க ஊர்ல இப்ப நடுராத்திரி, எழுப்பாதீங்க" என்று பியோ பதில் சொன்னாராம்.

திட்டம் மாபெரும் வெற்றி என்று அறிவிக்க மேலிடத்துக்கு ஒரு புகைப்படம் தேவைப்பட்டது. வீட்டில் நிம்மதியாகத் தூங்கும் பயனாளி ஒருவருக்கு விருது கொடுப்பதாக ஏற்பாடு. எங்கள் குடியிருப்பில் வீட்டில் தூங்குகிறவர் மெங் ஒருவர்தான். ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வீடு உள்ள நிர்வாக ஒலிபெருக்கி எங்களை அழைத்தது. பியோவோடும் புகைப்படக்காரரோடும் பூங்கொத்தும் பதாகையுமாகப் போய் மெங்கின் கதவைத் தட்டினோம்.

"ராத்திரி டியூட்டி இருக்கு சார், தூங்க விடுங்க," என்றார் மெங், அழாத குறையாக.

"நாங்க கேக்கறதும் அதைத்தாம்மா," என்றார் பியோ. "தூங்கற மாதிரி ஒரு படம்."

மெங் படுத்துக் கண்ணை மூடினார். ஜன்னல் திரையை இழுத்துவிட்ட உருகுவே இருட்டில் முகம் தெரியவில்லை என்று புகைப்படக்காரர் குறைப்பட்டார். நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு செல்போன் விளக்கை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தோம்.