பி நெகட்டிவ் நாற்பத்தொரு பேர்

கேட்கத் தெரியாதவளுக்குக் கணினி வாங்கிக் கொடுத்தால் ஊரே திரண்டு வந்துவிடும். வந்தது. கூட்டியவள் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. தி. நகரில் ஒரு மையத்தில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். தகவல்களை அடுக்கி வைக்கும் எக்ஸ்.எம்.எல். என்ற முறை அப்போதுதான் வந்திருந்தது. (மூன்றாம் வாரமே உலகத்தைத் திருத்தக் கிளம்பிவிட்டேன்.) பெசன்ட் நகரில் எங்கள் தேவாலயப் பங்கின் இரத்ததான நோட்டைக் கணினியில் ஏற்றினேன். ஆளுக்கொரு வரி, அதற்குள் பெயர், தொலைபேசி எண், இரத்தப் பிரிவு என்று மூன்று விவரம், கணினி மொழியில் அட்ரிபியூட். பிரிவைச் சொன்னால் ஆட்களைத் தேடித் தரும்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஃபாதர் போன் செய்தார்.

"ஸ்டெல்லா டீச்சருக்குப் பிரசவம் சிக்கலாயிடுச்சும்மா. பி நெகட்டிவ் உடனே வேணுமாம். உன் கம்ப்யூட்டர்ல பாரு."

ஆறாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர் அந்த டீச்சர். உடனே தேடினேன். நாற்பத்தொரு பெயர்கள்! அரிய வகை என்பார்களே, நம் பங்கில் ஆறாக ஓடுகிறதே என்று பெருமையாக இருந்தது. (சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.) "ரத்தம் வேணும், ஓடி வாங்க" என்று எல்லோரையும் அழைத்தேன். பிரிவைச் சொல்லவே இல்லை.

நான்கரை மணிக்கு மருத்துவமனை வாசலில் தேர்க்கூட்டம். டீச்சரின் கணவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். ஊசி என்றாலே வியர்க்கும் என் அப்பாகூட சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். அம்மா என்னை ஓரமாக இழுத்தாள்.

"அப்பாவுக்கு ஓ பாசிட்டிவ்டி. இவர் எதுக்கு இங்க நிக்கிறாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தைய நாள் சோதித்துப் பார்த்தபோது, தேடும் வரியில் 'பிரிவு' என்ற அட்ரிபியூட்டை மட்டும் வைத்துவிட்டு, எந்தப் பிரிவு என்று எழுதும் இடத்தை அழித்திருந்தேன். திரும்பப் போடவில்லை. 'பி நெகட்டிவ் யார்?' என்பதற்குப் பதில் 'இரத்தப் பிரிவு உள்ளவர் யார்?' என்று கேட்டிருக்கிறேன். உயிரோடிருக்கிற எல்லோருக்கும் உண்டே! நோட்டிலிருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்.

நர்ஸ் வெளியே வந்தார். "பி நெகட்டிவ் யாருங்க? டாக்டர் கேக்குறார்!"

நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபாதர் பழைய நோட்டைப் பிரித்தார். (கையோடு கொண்டுவந்திருந்தார், என் மேல் வைத்த நம்பிக்கையில் திறக்கவில்லையாம்.) ஒரே ஒரு பெயர்: ஆட்டோ ஓட்டும் மைக்கேல்.

"அவரு வந்துட்டுப் போய்ட்டாரே!" என்றார் வரிசையில் நின்ற பூக்காரம்மா. "இத்தினி பேரு கீறாங்கோ, நான் இன்னாத்துக்குன்னு பீச்சாண்ட போய்க்கினாரு."

வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு அண்ணனின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு பறந்தேன். கடற்கரைச் சாலை முழுக்கச் சனிக்கிழமைக் கூட்டம். பார்த்த ஆட்டோவெல்லாம் அவருடையதாகத் தெரிந்தது. மூன்றாவது பஜ்ஜிக் கடையில் மனிதர் அகப்பட்டார்.

"அண்ணே, பி நெகட்டிவ் நீங்க ஒருத்தர்தான்!"

"இன்னாம்மா சொல்ற? அம்மாம் ஜனத்துல நான் ஒருத்தன்தானா?"

அடுத்த நொடி என்னையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ கிளம்பிவிட்டது. சிக்னல்களில் என்ன நிறம் எரிந்தது என்று எனக்குத் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆறரை மணிக்குப் பெண் குழந்தை அழுத சத்தம் கேட்டது. டீச்சரும் பிழைத்துவிட்டார் என்று நர்ஸ் வந்து சொன்னதும் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா, யாரும் ஊசியே போடாமல், நிம்மதியில் மயங்கி விழுந்தார்.

இன்றைக்கும் நான் மார்க்கெட்டுக்குக் கூடையை எடுத்தால் அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "மீன் இருக்கான்னு கேக்காதேடி. என்ன மீன்னு கேளு!"