அக்காவுக்காகத் தூக்கிய புருவம்

தெரிசனங்கோப்பு,
ஆடி 24.

பேரன்புக்குரிய மீனாட்சி அக்காவுக்கு, தம்பி வள்ளிநாயகம் கோயம்புத்தூர்த் திசை பார்த்துக் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தாணம்மையும் மகன் அனில்குமாரும், என் நெற்றி ஒன்று நீங்கலாக, சுகம். அவ்விடம் நீயும் அத்தானும் சுகமாக இருக்கத் தாணுமாலயன் துணையிருப்பான். இரண்டு வருடமாக நான் போன் செய்தால் ஒரு "ம்" கூடச் சொல்லாமல் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது மேசையிலேயே கிடக்கும், நீ சும்மா இருக்க மாட்டாய், எடுத்துப் படித்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

ஆவணி பன்னிரண்டில் அனில்குமாருக்குக் கல்யாணம். அவனுக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது. தாலி கட்டும்போது விளக்குப் பிடிக்க யார் இருக்கிறார்கள் என்று பெண் வீட்டார் கேட்டார்கள். "எங்க அக்கா உண்டு" என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் சொன்னது தப்புதான். உன் கோபத்தின் காரணமும் எனக்குத் தெரியும். உன் மகள் ஆர்த்திகா கல்யாணம் முடிந்த மறுவாரம் நம் சித்தப்பா மகன் நாகேந்திரன் வடசேரிச் சந்தையில் வைத்துச் சொன்னான்: "உங்க அக்கா ஒரே அழுகை கேட்டியா. தூக்கி வளத்த தாய்மாமன், துஷ்டி வீட்டுக்கு வந்தவன மாதிரில்லா வந்துட்டுப் போயிட்டாம்னு சொல்லிச் சொல்லி அழுதா." வீட்டுக்கு வந்து ஆல்பத்தைப் புரட்டினேன். பதினான்கு படத்தில் நான் இருக்கிறேன், பதினான்கிலும் புருவம் கண்மேல் இறங்கி, யாரையோ அடிக்கப் போகிறவனைப்போல நிற்கிறேன். எழவு வீட்டில்கூட இப்படி ஒரு முகம் பார்க்க முடியாது. சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, அன்று எனக்கு ஒரு கோபமும் இல்லை. வயசாக வயசாகப் புருவம் இறங்கிப்போயிற்று, அவ்வளவுதான். கீரிப்பாறை ரப்பர் ஆபீசில் கடைசி ஐந்து வருடமும் பால்வெட்டுக்காரர்கள் லீவு கேட்கவே என்னிடம் வரவில்லை. ஆர்த்திகாவைக் காரில் ஏற்றியபோது எனக்குக் கண்ணில் பேச்சிப்பாறை அணை மதகைத் திறந்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. நான்கு பேர் பார்க்க அழ வேண்டாமென்று மண்டபத்தின் பின்வாசல் வழியாகப் போய் பஸ் ஏறிவிட்டேன். அப்படி அழுதவனுக்கா கோபம்?

ஆகவே உனக்காக முகத்தைத் திருத்திக்கொள்வது என்று முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல், அனில்குமாரை மட்டும் கூட்டிக்கொண்டு, புருவத்தைத் தூக்கி வைக்கும் ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் போனேன். டாக்டர் பேர் பிரிஜா, மார்த்தாண்டத்துப் பெண், நல்ல கைராசி என்றார்கள். அந்தப் பிள்ளை கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் என்னை உட்கார வைத்து, "அங்கிள், இது மயிரு வெட்டப் போறது மாதிரி இல்ல கேட்டேளா. ரெத்தம் கட்டலாம், பழுக்கலாம், தையல் போட்ட எடத்துல முடி கொட்டலாம், நெத்தி மரத்துப்போவலாம், ஒரு புருவம் ஏறி ஒரு புருவம் எறங்கி நிக்கலாம், நரம்புல பட்டா கொஞ்ச நாளு புருவத்த அசைக்க முடியாது, கண்ணு முழுசா மூடாமலும் போவலாம். எல்லாருக்கும் வராது, ஆனா வரலாம். நல்லா ஆலோசிச்சிட்டு வாங்க" என்றது. பிறகு நான் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் கேட்டு, ரத்தத்தை இளக்கும் மாத்திரையை இதய டாக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்தியது, தாணம்மை கிண்டிய பூண்டு லேகியத்தையும் சேர்த்து நிறுத்தியது. இவ்வளவு பொறுப்பாகப் பேசுகிற பிள்ளையிடம் எப்படி வேண்டாமென்று சொல்வது? கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் கண் இரண்டும் பலாச்சுளை கணக்காக வீங்கி, சுற்றிலும் கத்திரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டி, பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டால், அது சாதாரணம், இரண்டு வாரத்தில் வற்றிவிடும், ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினாலோ பார்வை மங்கினாலோ உடனே ஓடி வர வேண்டும் என்றது. அன்றிலிருந்து தாணம்மை மணிக்கொரு தடவை என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "இது எத்தன?" என்று கேட்க ஆரம்பித்தாள், சாம்பார் கரண்டியோடு வந்தும் கேட்டாள். படுக்கக் கூடாது, மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்க வேண்டும்; குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. குனியக் கூடாதென்பதால் என் செருப்பைக்கூட அவள்தான் மாட்டிவிட்டாள், நாற்பது வருடத்துப் பழியை அந்த ஒரு வாரத்தில் தீர்த்துக்கொண்டாள். பதினோராம் நாள் என்மேல் ஒரு பல்லி விழுந்திருக்கிறது. விழுந்தது எனக்குத் தெரியவில்லை, நெற்றியும் முன்தலையும் மரத்துக் கிடந்தது. "தலையிலயா விழுந்தது, நெத்தியிலயா? சொல்லுங்க, தலைன்னா கலகம், நெத்தின்னா லெச்சுமி" என்று பஞ்சாங்கத்தோடு நிற்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? இன்று வரை தீர்ப்பு ஆகவில்லை.

இதற்கிடையில் வர்ம வைத்தியம் பார்க்கும் ரசலையன் ஆசான் கேள்விப்பட்டு எண்ணெய்க் குப்பியோடு வந்துவிட்டார். "ஓய், ரெண்டு புருவத்துக்கும் நடுவுல வர்மம் இருக்குன்னு தெரியாதா? அங்ஙன கத்தி வைக்கதுக்கு மின்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காண்டாமா? காட்டும், தடவி எறக்கி விடுதேன்" என்று உட்கார்ந்துவிட்டார். இறக்குவதற்கா நான் திருவனந்தபுரம் போனேன்? டாக்டரிடம் போனில் கேட்டேன். ஆறு வாரத்துக்கு ஒருவரும் கை வைக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளை ஆசானிடமே பேசியது. ஆசான் கோபித்துக்கொண்டு போகும்போது எண்ணெயை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

பெரிய கூத்து பதினாறாம் நாள்தான். என்னோடு கீரிப்பாறையில் வேலை பார்த்த குமாரதாஸின் அப்பா தவறிவிட்டார். போகாமல் இருக்க முடியுமா? புருவம் இன்னும் மேலே நிற்கிற நேரம் அது, ஆறு மாதத்தில் கொஞ்சம் இறங்கி இயல்பாகிவிடுமாம். நான் குமாரதாஸின் கையைப் பிடித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒமக்கு இப்பதான் தெரியுமா ஓய்?" என்று முதலிலிருந்து சொன்னான்: காலையில் காப்பி குடித்தது, நெஞ்சைப் பிடித்தது, ஆட்டோ வந்தது. நான் துக்கமாகத்தான் கேட்டேன். ஆனால் முகம் நம்பாததுபோலவே இருந்திருக்கிறது. அவன் மறுபடி காப்பியிலிருந்து ஆரம்பித்தான். மூன்றாம் தடவை ஆட்டோக்காரனையே சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டான். நான் எழுந்து கைகூப்பி, "அப்போ போயிட்டு வாரேன்" என்று சொல்லித் தொலைத்தேன். துஷ்டி வீட்டில்! சொல்லிக்கொள்ளாமல் இறங்க வேண்டிய இடத்தில்! கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. உள்ளேயிருந்து ஒரு பொம்பளை, "இன்னும் யாரு போகணும்னு வாராராம்?" என்று கேட்டாள்.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்றால், இதையெல்லாம் பட்டது உனக்காகத்தான். ஆவணிக்குள் மிச்ச வீக்கமும் வற்றிவிடும். இனி எந்த ஆல்பத்திலும் நான் கோபமாகத் தெரிய மாட்டேன். நீ வந்து விளக்குப் பிடி அக்கா. நீ இல்லாமல் அந்த மணவறையைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அத்தானுக்கு என் நமஸ்காரம், ஆர்த்திகாவுக்கும் மாப்பிள்ளைக்கும் மாமனின் ஆசீர்வாதம், அவள் வயிற்றில் இருப்பது ஆணோ பெண்ணோ, அதற்கு இந்தப் புருவம் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் தம்பி,
வள்ளிநாயகம்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உன் போன் வந்தது. அனில்குமார் பயல் என் மூன்றாம் நாள் போட்டோவை உனக்கு அனுப்பிவிட்டானாமே. நீ சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், பின்னால் இல்லையென்று சொல்லக் கூடாது. "ஏலே வள்ளி, ஒன் மூஞ்சிய நான் அறுவத்திமூணு வருசமா பாக்கேன். அப்பாவுக்கும் இதே புருவந்தாம்லே. அதுக்குப் போயி யாராவது கோவிப்பாளா? கல்யாண வீட்டுலேருந்து ஒரு வார்த்த சொல்லாம எறங்கிப் போனியே, சொல்லாம போறதுக்கு அது என்ன துஷ்டி வீடா? ஒனக்குன்னு எடுத்து வச்ச முந்திரிக்கொத்தக் கையில வச்சிக்கிட்டு மண்டபம் முழுக்கத் தேடினேனேலே!" பின்வாசல் வழியாக ஏன் போனேன் என்பதைப் போனில் நான் சொல்லவில்லை. அது இரண்டாம் பத்தியில் இருக்கிறது. அதை மட்டும் படித்துவிட்டு, புருவம் பற்றிய மீதி எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடு. விளக்குப் பிடிக்க வருகிறேன் என்று நீ சொன்னதும் நெற்றியைச் சுளித்து அழப் பார்த்தேன், சுளிக்க வரவில்லை, அழுகை மட்டும் வந்தது. தபால்காரர் பெட்டியைத் திறக்கிற நேரமாகிவிட்டது. போயிட்டு வாரேன்க்கா.