பச்சைச் சாயப் பெப்டைடு பறந்த படலம்

ஜோகுபாளையத்துப் பெண்சிங்கம், ஆனேக்கல் சாலை நெரிசலை அன்றாடம் கிழித்தேகும் ஸ்கூட்டர்த் தேரோட்டி, அமிலங்களே அஞ்சி ஆவியாகும் வெள்ளைக் கோட்டுக் கொற்றவை, ஆய்வாளர் ஸ்வர்ணா வாழ்க! அவள் கைச் சிறுகுப்பியும் வாழ்க!

அக்குப்பியுள் துயின்றது ஒரு பெப்டைடு. அமினோ அமிலங்களை மணிமணியாய்க் கோத்து, தலையில் பச்சையாய் ஒளிரும் சாயத்தை மகுடமெனச் சூட்டி, உயிரணுவின் எந்த மூலையில் ஒளிந்தாலும் நீல விளக்கடியில் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கப் பணித்து, உறையவைத்து உலர்த்தி, இலவமும் நாணும் மஞ்சள் பஞ்சாக அவள் ஆக்கிய அருநிதி அது. மாலைக்குள் அதை நிறுத்துக் கரைத்து அனுப்ப வேண்டும். அதற்கென்றே உயிரணுக்களை வளர்த்துவிட்டு, அடுத்த கட்டடத்தில் நகம் கடித்துக் காத்திருந்தாள் தோழி ஸ்ரீவித்யா. நாளை என்றால் அவை செத்துவிடும்.

தராசின் முன் மூச்சடக்கி மூடி திறந்தாள் வீராங்கனை. கையுறையில் பிறந்த நிலைமின்சாரம் எனும் மாய அரக்கன் பஞ்சைப் பற்றி இழுத்தான். அது கரண்டியை இகழ்ந்து, குப்பியின் கழுத்தேறி, மூடியின் உட்புறம் ஒட்டி, மதில்மேல் நின்ற பகைவன்போல் நகைத்தது. காதோரம் வியர்வை வழிய, இடுக்கி ஏந்தி அவள் நெருங்கிய அக்கணம், ஊழிக்காற்றெனக் கதவைத் தள்ளி நுழைந்தான் சக ஆய்வாளன், மீசைக் காட்டரசன் ஹெர்பர்ட்.

"ஊட்டா ஆய்த்தா, ஸ்வர்ணா?" எனச் சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில் முழங்கினான்.

பஞ்சு எழுந்தது, பறந்தது, மறைந்தது.

ஆயினும் கலங்காள், விளக்கணைத்து, நீல டார்ச்சை வேலென உயர்த்தித் திக்கெட்டும் பாய்ச்சினாள். தராசில் இல்லை, தரையில் இல்லை, தேநீரில் நனைந்த ஹெர்பர்ட்டின் மீசையிலோ, நள்ளிருள் வனத்து மின்மினிப் படையென, பச்சைச் சுடர்!

"அசையாதே! மூச்சும் விடாதே! என் உழைப்பு பூரா உன் மூக்குக்குக் கீழ இருக்கு!"

"ஐயோ, விஷமா? இப்பதான் நக்கிக்கிட்டேம்மா!"

"சாக மாட்டே. வாயை மூடு."

மீசையில் சிக்கியது மீளாதென அறிந்த மதியூகி, மூடியைக் கவிழ்த்து நோக்கினாள். ஆங்கே, பயத்தில் பறக்க மறந்த சிறு துணுக்கொன்று ஒட்டியிருந்தது! கரைசல் துளியைக் கணையாய்த் தொடுத்தாள், கரைந்தது. தராசில் நிறுக்க முடியாத அளவை நிறத்தின் அடர்த்தியால் அளந்தாள். போதும், போதும் என்றது கருவி. வெற்றிக் குப்பியை நெஞ்சோடணைத்து ஸ்ரீவித்யாவிடம் விரைந்தாள் ஸ்வர்ணா.

ஹெர்பர்ட் சோப்பு போட்டு மீசையைக் கழுவினான், சாயம் போகவில்லை.