எங்கள் குடும்ப வரலாறும் உல்ரிச்சின் பன்றியும்

கொனெஸ்டோகா ஆற்றங்கரை, பென்சில்வேனியா
மே மாதம், 1755

என் மரியாதைக்குரிய அண்ணன் கிறிஸ்டியனுக்குத் தம்பி மெல்கியோர் வணங்கி எழுதுவது. ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டிலும் தொழுவத்திலும் ஒருசேரத் தங்குவதாக. இங்கே நாங்களும் மாடுகளும் சுகம். பன்றிகளைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் எழுதி வைக்க, நாங்கள் இங்கே வேரூன்றிய வரலாற்றைக் கேட்டிருந்தீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். விசுவாசத்துக்காகத் தாத்தாவைச் சுவிஸ் நாட்டிலிருந்து துரத்தினார்கள். அப்பா உங்கள் ஊரில் பிரபுவின் நிலத்தை உழுது முதுகொடிந்தார். நான் கப்பலேறி, வழியெல்லாம் வாந்தியெடுத்து, இங்கே வந்து காட்டை வெட்டிக் கோதுமை போட்டேன். இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அதற்குப் பிறகு பக்கத்து நிலத்துக்கு உல்ரிச் குடிவந்தார்.

உல்ரிச்சின் மகன் யோஸ்டுக்கும் என் மகள் வெரோனிகாவுக்கும் கல்யாணம் பேசியிருந்தோம். இங்கே பன்றிகளை யாரும் கட்டிப்போடுவதில்லை, காதில் அவரவர் வெட்டு அடையாளத்தை வைத்துக் காட்டில் விட்டுவிடுவோம். டிசம்பர் குளிரில் ஒரு பன்றி தானாகவே என் வாசலில் வந்து நின்றது; அதன் காதை ஏதோ நாய் கடித்துத் தின்றிருந்தது; என் வாசலுக்கு வருகிற பன்றி வேறு யாருடையதாக இருக்கும் என்று அறுத்துவிட்டேன். வழக்கப்படி தொத்திறைச்சி செய்து முதல் பங்கை உல்ரிச் வீட்டுக்கு அனுப்பினேன். ருசித்துச் சாப்பிட்டுவிட்டு மனைவி எல்ஸ்பெத்தோடு நன்றி சொல்ல வந்தவர், மேசைமேல் இருந்த பன்றித் தலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யோவ் மெல்கியோர், இது என் பன்னிய்யா!"

"காதே இல்லாத பன்னிய எப்படிய்யா உன்னுதுங்கற?"

"என் பன்னி மூஞ்சி எனக்குத் தெரியாதா? தினமும் காலையில அது மூஞ்சியிலதானே முழிக்கிறேன்!"

பக்கத்தில் நின்ற எல்ஸ்பெத்தின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வேறு ஜனங்களாக இருந்தால் அடிதடியாகியிருக்கும், வழக்காகியிருக்கும். நம் சபை விதிப்படி நாம் கை நீட்டக் கூடாது, நீதிமன்றப் படியேறக் கூடாது, சபிக்கவும் கூடாது. ஆகையால் உல்ரிச் நன்மை செய்து என்னைப் பழிவாங்க ஆரம்பித்தார். மறுநாள் விடியற்காலையில் என் விறகு முழுவதையும் பிளந்து அடுக்கிவிட்டுப் போனார். ஊரே பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. விடுவேனா, போய் அவர் தொழுவத்துச் சாணத்தை அள்ளினேன். அவர் ஒரு பீப்பாய் ஆப்பிள் சாறு அனுப்பினார், நான் என் கன்றுக்குட்டியையே அனுப்பினேன், அவர் என் நிலத்தை உழுது கொடுத்தார், அதுவும் நான் விதைத்து முடித்த நிலத்தை! "உன்னை மன்னிச்சிட்டேன்யா!" என்று வேலிக்கு அப்பாலிருந்து அவர் கத்துவார். "உன்னை நான் முந்தாநாளே மன்னிச்சாச்சு, போய்யா!" என்று நான் கத்துவேன். "நீங்க ரெண்டு பேரும் இப்படியே அன்பு காட்டிக்கிட்டிருந்தா ரெண்டு குடும்பமும் பிச்சைதான் எடுக்கணும்" என்றாள் என் மனைவி பார்பரா.

அதற்குள் வசந்த காலத் திருவிருந்து வந்துவிட்டது. யாருக்காவது யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் சபைக்கே திருவிருந்து கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். போதகர் பெனடிக்ட் எங்களைக் கூப்பிட்டு, "திருவிருந்து அன்னைக்கு நம்ம வழக்கப்படி ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவி ராசியாகுங்க. இல்லேன்னா அந்தக் கல்யாணத்தை நான் நடத்தி வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வெரோனிகா அழுது அழுது கண் வீங்கிக் கிடந்தாள். உண்மையைச் சொல்கிறேன் அண்ணா, அவளைப் பார்த்தபின் அந்தப் பன்றியின் உப்புக்கண்டம் என் தொண்டையில் இறங்கவில்லை.

கால் கழுவும் நேரம் வந்தது. நான் குனிந்தேன், அவரும் குனிந்தார், மண்டையும் மண்டையும் மோதின.

"தப்பு செஞ்சவன் நான், நான்தான் முதல்ல கழுவணும்!" என்றேன்.

"நீ முதல்ல கழுவினா நீதான் பணிவானவன்னு பேராயிடும். காலைக் குடுய்யா!"

அவர் என் காலை இழுக்க, நான் அவர் காலை இழுக்க, இருவரும் மல்லாந்து விழுந்தோம். தொட்டித் தண்ணீர் போதகர் மடியில் கவிழ்ந்தது. முதலில் சிரித்தவர் போதகர்தான். ஈரத்தில் உட்கார்ந்தபடியே உல்ரிச் என்னைக் கட்டிக்கொண்டு, "ஒரு பன்னிக்காக இவ்வளவாய்யா?" என்றார். நான் அழுதுவிட்டேன். வருகிற வியாழக்கிழமை கல்யாணம்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வயலில் மழையும் பக்கத்து வயலில் நல்ல மனிதரும் வாய்க்கட்டும்.

உல்ரிச்சைவிடப் பணிவுள்ள தம்பி,
மெல்கியோர்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் வேதாகமத்தில் ஏற்றிவிடாதீர்கள். நேற்று மாலை எல்ஸ்பெத் எங்கள் பின்வாசல் வழியாக ஒரு பன்றியை ஓட்டிவந்தார், அதன் பின்னால் வரிசையாகக் குட்டிகள். காது முழுசாக இருந்தது, காதில் உல்ரிச்சின் வெட்டும் இருந்தது. அப்படியென்றால் நான் அறுத்தது என் பன்றியைத்தான்! "அண்ணே, காட்டுலேர்ந்து இப்பதான் வந்துச்சு. வியாழக்கிழமை வரைக்கும் உங்க நிலவறையில ஒளிச்சு வைங்க. தப்பு தன் பேர்லதான்னு தெரிஞ்சா எங்க வீட்டுக்காரர் மறுபடியும் பணிவு காட்ட ஆரம்பிச்சிடுவாரு" என்றார். ஒளித்து வைத்துவிட்டேன். ஆனால் உல்ரிச் கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாதே! அதனால் பன்றி கத்தும்போதெல்லாம் குடும்பத்தோடு ஞானப்பாட்டை உரக்கப் பாடுகிறோம். எங்கள் பக்தியைப் பார்த்துப் பொறுக்காமல், இன்று காலை உல்ரிச்சும் குடும்பத்தோடு வேலியோரம் வந்து நின்றுவிட்டார். அவர் போட்டிக்குப் பாடுகிற சத்தத்தில் பன்றி கத்துவது இப்போது எனக்கே கேட்பதில்லை.